1976 புல்லட்டுக்கு வயரிங்: கோவை உக்கடத்தில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கடை

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 4 நாளில் தருகிறேன் என்ற வேலைக்குக் கடைக்காரர் 19 நாள் எடுத்துக்கொண்டார். தொலைபேசியை எடுப்பதில்லை. ரசீது கிடையாது. உட்கார நாற்காலி கிடையாது. பாதி கழற்றிய ஸ்கூட்டர் ஒன்று கிடக்கிறது, வேறு யாரும் முந்திக்கொள்ளாவிட்டால் அதன் சீட்டில் உட்காரலாம். இத்தனைக்கும் பிறகு, பழைய வண்டியில் வயரிங் தகராறு என்று யார் கேட்டாலும் நான் இந்தக் கடைக்குத்தான் வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வண்டி, 1976-இல் திருவொற்றியூர் ஆலையில் செய்த என்ஃபீல்டு புல்லட். 346 சிசி, வலது காலில் கியர், இடது காலில் பிரேக், 6 வோல்ட் பேட்டரி. கிணத்துக்கடவில் ஓர் அரிசி ஆலைக்காரரிடம் 1994-இல் வாங்கினேன். பொள்ளாச்சிப் பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற கையோடு, வண்டியைக் கடைசி நட்டு வரை பிரித்து, சேசிஸுக்கு பவுடர் கோட்டிங் கொடுத்தேன். முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அப்படி ஒரு கறுப்பு. அன்று பிடித்தது சனி.

முகப்பு விளக்கு மஞ்சளாக எரிந்தது. ஹார்ன் தொண்டை கட்டியவன் போலக் கமறியது. விளக்கைப் போட்டுக்கொண்டு ரயில்வே கேட்டில் நின்றால் என்ஜின் திக்கித் திணறி அணைந்தது. இந்த லட்சணத்தில் ஒரு நாள் வால்பாறைக்குப் போய்விட்டேன். இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. 40 கொண்டை ஊசி வளைவுகள். மேலேயிருந்து வந்தால் எண் குறைந்துகொண்டே வரும். ஆழியாறு அணை தெரியும் லோம்ஸ் வியூ ஒன்பதாவது வளைவில் இருக்கிறது. அங்கே எதிரில் வந்த பஸ் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தால் என்ன என்று திட்டினார். போட்டுக்கொண்டுதான் வந்தேன். மிச்ச எட்டு வளைவையும் ஒரு தேயிலை லாரியின் பின்விளக்கைப் பார்த்தபடியே இறங்கினேன்.

அதன்பின் உள்ளூரில் வைத்தியம் தொடங்கியது. எந்தக் கடை என்பது வேண்டாம். முதலில் பேட்டரியை மாற்றினார்கள்: 1,400 ரூபாய். மாறவில்லை. மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் பேட்டரிக்கு விடும் ரெக்டிஃபயர் போய்விட்டது என்று அதை மாற்றினார்கள்: 450. மாறவில்லை. பழைய வயரெல்லாம் மக்கிவிட்டது என்று பெட்டியில் வரும் ஆயத்த வயரிங் செட் ஒன்றைப் போட்டார்கள்: 1,850. ஒரு வாரம் நன்றாக இருந்தது போல எனக்குத் தோன்றியது, தோன்றியதுதான். நடுவில், இது எதற்கு சார், தொந்தரவு என்று பேட்டரியில் மின்சாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று முள்ளால் காட்டும் அம்மீட்டரை ஒதுக்கிவிட்டு இரண்டு வயரையும் நேராக முறுக்கிவிட்டார்கள். கூலி எல்லாம் சேர்த்து 1,200. ஆக 4,900 ரூபாய்க்கு விளக்கு அதே மஞ்சளில் எரிந்தது.

ஒவ்வொரு முறையும் ஒரு சோதனை நடந்தது. மீட்டரைப் பீப் ஒலியில் வைத்து, ஒரு முனையை சேசிஸிலும் மறுமுனையை விளக்கின் கூட்டிலும் வைப்பார்கள். பீப் என்று கத்தும். எர்த் வருகிறது சார், எர்த்தில் கோளாறு இல்லை என்பார்கள். மின்சாரம் வண்டியின் இரும்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதைதான் எர்த். நானும் தலையாட்டினேன். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓம் விதி நடத்திய தலை அது.

உக்கடத்துக் கடையை எனக்குச் சொன்னவர், பழைய யெஸ்டி வைத்திருக்கும் நண்பர். பொள்ளாச்சி பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான். பலகை இல்லை. சுவர் முழுக்க ஆணி, ஆணிக்கு ஒரு நிறம் என்று வயர் வளையங்கள். எதிரில் தேநீர்க் கடை. பேரும் எண்ணும் எழுத வேண்டாம், ஏற்கெனவே ஆறு வண்டி வரிசையில் நிற்கிறது என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை. அந்தப் பகுதியில் எந்தப் பழைய உதிரிபாகக் கடையிலும் '6 வோல்ட் வேலை செய்பவர்' என்று கேட்டால் கை காட்டுவார்கள்.

வண்டியை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். வண்டியைத் தொடாமல் அரை மணி நேரம் என்னிடம் கதை கேட்டார். முதலில் எது மங்கியது, ஹார்னா விளக்கா? நிற்கும்போதா, ஓடும்போதா? மழையில் நனைந்ததா? அப்புறம் குனிந்து சேசிஸை ஒரு முறை பார்த்துவிட்டு, “பெயிண்ட் அடித்து எத்தனை மாதம் ஆகிறது சார்?” என்றார். ஏழு மாதம் என்றேன். கோளாறு எத்தனை மாதமாக என்றார். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

விளக்கை எரியவிட்டார். மீட்டரை வோல்ட்டில் வைத்தார். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் முனையில், மறுமுனை முகப்பு விளக்கின் கூட்டில். எர்த் ஒழுங்காக இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றுமே காட்டக் கூடாது. 1.4 வோல்ட் காட்டியது. அடுத்து பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து பல்பின் முனை வரை: 0.8 வோல்ட். பேட்டரி அந்த நேரத்தில் 6.1. கழித்துப் பார்த்தால் பல்புக்குக் கிடைத்தது வெறும் 3.9. வோல்ட் பத்து சதவீதம் குறைந்தாலே இழை பல்பில் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். இங்கே மூன்றில் ஒரு பங்கு வோல்ட்டே காணாமல் போயிருந்தது. பஸ் ஓட்டுநர் திட்டாமல் என்ன செய்வார்?

பிறகு நீளமான வயர் ஒன்றை எடுத்து விளக்கின் கூட்டையும் பேட்டரியின் நெகட்டிவையும் நேராக இணைத்துப் பிடித்தார். சுவரில் விழுந்திருந்த மஞ்சள் வட்டம் வெளுத்தது. வயரை எடுத்தார், மஞ்சள். வைத்தார், வெள்ளை. எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

பீப் கத்தியதே என்று கேட்டேன். நாம் தேடும் தடை ஓர் ஓமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பீப்புக்கு அது தடையே அல்ல, கத்தத்தான் செய்யும் என்றார். மீட்டர் அனுப்புவது துளி மின்சாரம். 35 வாட் பல்பு 6 வோல்ட்டில் இழுப்பது கிட்டத்தட்ட 6 ஆம்பியர். ஆள் இல்லாத பாலத்தில் எறும்பு நடந்து காட்டினால் லாரி போகும் என்று அர்த்தமா? இந்த எறும்பு உவமை அவருடையது. எனக்கு முன்பே கிடைத்திருந்தால் வகுப்பில் சொல்லியிருப்பேன். அதே 35 வாட் பல்பு 12 வோல்ட் வண்டியில் 3 ஆம்பியர்தான் இழுக்கும். அதே மோசமான இணைப்பில் இழக்கும் வோல்ட்டும் இதில் பாதிதான், அதுவும் இரு மடங்கு இருப்பிலிருந்து. புது வண்டியில் கண்ணுக்கே தெரியாத குறை 6 வோல்ட் வண்டியைக் கொன்றுவிடுவது இதனால்தான்.

காரணம் என் கறுப்புப் பளபளப்பு. அந்தக் காலத்து வண்டியில் மின்சாரம் போவதற்குத்தான் வயர் போட்டார்கள். திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பையே நம்பினார்கள். பவுடர் கோட்டிங் என்பது சூட்டில் உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் தோல். பேட்டரி எர்த் போல்ட்டுக்கு அடியில், என்ஜின் சேசிஸில் உட்காரும் இடத்தில், மட்கார்டு மாட்டும் இடத்தில் எல்லாம் அந்தத் தோல். புல்லட்டின் முகப்பு விளக்குக் கூட்டில் இன்னொரு வம்பு: அது ஃபோர்க்கோடு சேர்ந்து திரும்புவது. அதிலிருந்து மின்சாரம் சேசிஸுக்கு வர, பெரும்பாலும் கழுத்து பேரிங்கில் கிரீஸ் பூசிய குண்டுகளைத் தாண்டித்தான் வர வேண்டும். பழைய பெயிண்ட்டில் ஐம்பது வருடத்துக் கீறல்கள் இருந்தன. எப்படியோ வழி கண்டுபிடித்து வந்துகொண்டிருந்தது. நான்தான் பணம் கொடுத்து அடைத்தேன்.

உப்புத்தாளைக் கையில் எடுத்தார். நான்கு இடத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சுரண்ட வேண்டும் என்றார். வேறு வழியே இல்லையா என்று இரண்டு முறை கேட்டேன். பதில் சொல்லவில்லை, உப்புத்தாளோடு நின்றுகொண்டே இருந்தார். சரி என்று சொல்லிவிட்டு, பார்க்கப் பிடிக்காமல் தேநீர்க் கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நான்கு இடமும் வெள்ளி போல மின்னின. பல் வைத்த வாஷர், அதன் மேல் வயர் முனையைக் கடித்துப் பிடிக்கும் லக்ஸ், முறுக்கிய பின் துருப்பிடிக்காமல் இருக்க மேலே வாஸ்லின். நாணய அளவு என்றவர் சின்ன நாணயமாகவே பார்த்துச் சுரண்டியிருந்தார், அதற்கு நன்றி. அதோடு விடாமல் முகப்பு விளக்கிலிருந்தும் பின்விளக்கிலிருந்தும் பேட்டரிக்குத் தனியாக எர்த் வயர் இழுத்தார். இனி இரும்பை நம்ப வேண்டியதில்லை.

வேலை இதோடு முடிந்திருந்தால் ஒரே நாளில் வீட்டுக்கு வந்திருப்பேன். போகும் வழியில் இருந்த 0.8 வோல்ட்டைத் தேடப் போனதில்தான் நாட்கள் ஓடின. ஆயத்த வயரிங் செட்டின் ஒரு முனையை வெட்டிப் பிரித்துக் காட்டினார். லக்ஸ் செம்பைக் கடிக்காமல் மேலுறையைக் கடித்திருந்தது. உள்ளே இருந்த இழைகளில் பாதி அறுந்து, மீதிதான் சுமை தாங்கியிருக்கிறது. வயரும் மெலிது. மொத்த செட்டையும் கழற்றிக் குவித்துவிட்டு, பேட்டரியிலிருந்து சாவிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர், விளக்குகளுக்கு 1.5 என்று புதிதாக இழுத்தார். எல்லா வயரும் சிவப்பு என்ற சோம்பேறித்தனம் இல்லை. வேலைக்கு ஒரு நிறம்.

இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றவைப்பார் என்று நினைத்திருந்தேன். ஒற்றை சிலிண்டர் உதறலில், ஈயம் முடியும் இடத்தில் வயர் விறைத்துப்போய் அங்கேயே முறியும் என்றார். நெருக்கி அழுத்தி, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டார். இன்சுலேஷன் டேப்பை எங்குமே சுற்றவில்லை. நம் ஊர் வெயிலில் அதன் பசை உருகி வழிவதை யாரும் பார்த்திருப்பார்கள். ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, கழுத்தருகே தாராளமாகத் தொய்வு விட்டார். பேட்டரியை ஒட்டி 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று புதிதாக வைத்தார். இத்தனை வருடம் ஃபியூஸே இல்லாமல் பெட்ரோல் டேங்குக்கு அடியில் வயர் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

இன்னொன்று அகப்பட்டது. புல்லட்டில் மின்சாரம் உற்பத்தியாகும் காயில்கள் இடப் பக்க செயின் கேஸுக்குள் எண்ணெய்ச் சூழலில் உட்கார்ந்திருக்கின்றன. அங்கிருந்து வயர்கள் வெளியே வரும் ரப்பர் துவாரத்தில், எண்ணெய் குடித்துக் குடித்து மேலுறை அப்பளமாகி நொறுங்கியிருந்தது. ஒரு வயர் கேஸில் உரசிக்கொண்டிருந்தது. சார்ஜ் குறைந்ததற்கு அதுதான் காரணம், ரெக்டிஃபயர் அல்ல. எதையும் தூக்கிப் போடாத பழக்கத்தால் பழைய ரெக்டிஃபயரை மஞ்சப்பையில் வைத்திருந்தேன். வாங்கிச் சோதித்தார். ஒரு பக்கம் விடுகிறது, மறுபக்கம் தடுக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பித் தந்தார். 450 ரூபாயை நினைத்துக்கொண்டேன்.

அம்மீட்டரை மீண்டும் இணைத்ததற்கு மட்டும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். வண்டியின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது, ஒரு நட்டு தளர்ந்தால் வண்டியே நின்றுவிடும், அதனால்தான் பலர் ஒதுக்குகிறார்கள். நட்டை இறுக்குவதுதான் அதற்கு மருந்து. அந்த முள் இல்லாமல் புல்லட்டை உதைப்பவன் இருட்டில் உதைக்கிறான். சாவியைப் போட்டு மெதுவாகக் கிக்கரை அழுத்தினால், தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டு வெட்டும் பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும். திறந்ததும் நடுவுக்கு வரும். நடுவுக்கு வந்த இடத்தில் சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரசரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே உதை. வாங்கிய காலத்தில் நானும் அப்படித்தான் உதைத்தேன். முள் போன பிறகு என் முழங்கால் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவரே பாயிண்ட்டைத் துடைத்து இடைவெளியை 0.38 மில்லிமீட்டருக்கு வைத்தார். புத்தகத்தில் 0.35 முதல் 0.40 வரை.

ஒரு விஷயத்தில் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. பேசாமல் 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடலாமே என்றேன். மாதத்தில் எத்தனை இரவு ஓட்டுகிறீர்கள் என்றார். இரண்டு என்றேன். அப்புறம் எதற்கு என்று பேச்சை முடித்துவிட்டார். பின்விளக்குக்காவது எல்இடி போடுங்கள், ஒரு ஆம்பியருக்குப் பக்கமாக மிச்சமாகும் என்றேன். அதற்கும் தலையை ஆட்டினார், குறுக்கு வாட்டத்தில். என் கணக்கில் தவறில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். வண்டிக்காரன் நான், கூலி கொடுப்பவன் நான், ஆனால் கடைக்குள் நுழைந்துவிட்டால் வண்டி அவருடையது. இது பிடிக்காதவர்கள் போக வேண்டாம்.

தாமதத்துக்கும் மன்னிப்பில்லை. பத்தாம் நாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தால் என் வண்டி அப்படியே ஓரமாக நின்றது; அவர் யாருடைய லாம்ப்ரெட்டாவுக்கோ விளக்கு எரிய வைத்துக்கொண்டிருந்தார். உதவிக்கு ஒரு பையன் இருக்கிறான், மீட்டரைத் தொட அவனுக்கு இன்னும் அனுமதி இல்லை. தனி ஆள் கடை; காய்ச்சல் வந்தால் கடைக்கும் காய்ச்சல்.

மொத்தம் 6,800 ரூபாய். பொருள் 2,150, மீதி 4,650 கூலி. ரொக்கம் மட்டும். கூலி அதிகம் என்று நண்பர் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முந்தைய கடையில் தேடுவதற்குப் பணம் கேட்கவில்லை, மாற்றுவதற்குத்தான் கேட்டார்கள். அதனால் தேடாமல் மாற்றினார்கள். இவர் தேடியதற்குக் கேட்டார். கிளம்பும்போது ஒரு தாளைக் கொடுத்தார். நோட்டுத் தாளில் கையால் போட்ட வயரிங் படம், நிறம் நிறமாகப் பேனாவால் கோடு, 'பெரிய லைட்', 'பின் லைட்', 'பாயிண்ட்' என்று தமிழில் எழுதி, பிளாஸ்டிக் உறையிட்டது. பேட்டரிக்குப் பக்கத்தில் சிவப்பில் பெரிதாக 'நெகட்டிவ்தான் எர்த்' என்று எழுதியிருக்கிறார். இங்கிலாந்து வழி வந்த பழைய வண்டிகளில் பாசிட்டிவை எர்த்தாக வைப்பது உண்டு. என் வண்டி அப்படியல்ல. யாராவது பழக்க தோஷத்தில் பேட்டரியைத் திருப்பி மாட்டினால் ரெக்டிஃபயர் அங்கேயே காலி. அந்தத் தாள் இப்போது டூல் பாக்ஸில் இருக்கிறது. நாளைக்கு வேறு யார் கை வைத்தாலும் அதைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

வண்டியைத் திரும்ப வாங்கும் முன் விளக்கை எரியவிட்டு நானே மீட்டரைப் பிடித்தேன். எர்த் பக்கம் 0.06, போகும் பக்கம் 0.2. பொள்ளாச்சிக்கு ஓட்டிக்கொண்டே வந்தேன். விளக்கோடு போகும்போதும் முள் நடுவுக்குச் சற்றே பிளஸ் பக்கம் நின்றது. கிணத்துக்கடவு தாண்டி ஒரு முறை வேண்டுமென்றே நிறுத்தி, விளக்கைப் போட்டபடி ஐந்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டுப் பார்த்தேன். அணையவில்லை.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஞாயிறு விடுமுறை. காலை பத்து மணிக்கு முன் போனால் கதை கேட்க நேரம் இருக்கும். இதுவரை யார் எதை மாற்றினார்கள் என்பதைத் தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். கழற்றிய பாகங்களையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பாக்கி இருக்கிறது. புல்லட்டின் முகப்பில் பெரிய விளக்குக்கு மேலே கண்கள் போல இரண்டு சின்ன விளக்குகள் உண்டு. இடது கண் எரிகிறது. வலது கண்ணுக்குப் பழைய ஹோல்டர் கிடைக்கவில்லை, கிடைத்ததும் கூப்பிடுகிறேன் என்றார். ஐந்து வாரம் ஆகிறது. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை உக்கடம் பஸ்ஸில் ஏறப்போகிறேன்.